சாறி பிளவுஸ் வகுப்புக்கு ஒரு நீண்ட விற்பனைப் பக்கம் எழுதிய கதை

கொழும்பு வெள்ளவத்தையில் தையல் படிப்பிக்கும் ஓர் அக்கா தன் வகுப்பை இணையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பதிவுசெய்த வீடியோக்கள், சனிக்கிழமை பின்னேரங்களில் சூமில் நேரடி வகுப்பு, மாணவிகள் தாங்கள் தைத்ததைப் படமெடுத்துப் போட ஒரு வட்ஸ்அப் குழு. படிப்பிப்பது ஒன்றே ஒன்று: லைனிங் வைத்த சாறி பிளவுஸை உடம்பளவுக்கு வெட்டித் தைப்பது. எல்லா வீடியோக்களையும் பார்த்து முடித்த பிறகுதான் நான் வேலையை ஏற்றேன். வகுப்பு நல்ல வகுப்பு. விற்பனைப் பக்கம்தான் வேலை செய்யவில்லை.

அந்தப் பக்கத்தை யாரோ ஒரு விளம்பர நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. மேலே ஒரு பெரிய படம், அதில் "உங்கள் கனவுகளுக்குச் சிறகு கொடுங்கள்" என்று ஒரு வரி. கீழே பச்சை நிறச் சரி அடையாளங்களோடு "தரமான பயிற்சி", "அனுபவமிக்க ஆசிரியை", "மாதம் இலட்சம் வரை உழைக்கலாம்". கடைசியில் "விலைக்கு இன்பொக்ஸ்". பேஸ்புக் விளம்பரத்துக்குக் காசு கட்டும் நாட்களில் ஆட்கள் வந்தார்கள், "விலை?" என்று கேட்டார்கள், அக்கா சொன்னார், அதோடு சத்தமில்லை.

அக்காவுக்கு விலை கூடிப்போயிற்றோ என்ற கவலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு விலை ஒன்றுதான் தெரிந்தால், எந்த விலையும் கூடத்தான். பக்கத்தை நீட்டி எழுதலாம் என்று சொன்னேன். "ஆர் தம்பி இந்தக் காலத்தில இவ்வளவத்தையும் இருந்து வாசிக்கிறது?" என்று கேட்டார். சாறி பிளவுஸ் தைக்கும் ஆசை இல்லாதவர் இரண்டு வரிகூட வாசிக்கமாட்டார். அவருக்காக நாங்கள் எழுதவில்லை. இரண்டு தரம் தைத்து, இரண்டு தரமும் தோள் வழுக்கி, அதைப் பெட்டிக்குள் மடித்து வைத்தவர் ஏன் வழுக்கியது என்று சொல்லும் எழுத்தை எவ்வளவு நீளமானாலும் வாசிப்பார். அப்படித்தான் பதில் சொன்னேன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1948 ஒக்டோபரில் மெரில் லிஞ்ச் பங்குத் தரகு நிறுவனத்துக்காக லூயிஸ் ஏங்கல் எழுதிய விளம்பரம் ஒன்று நியூயோர்க் டைம்ஸில் முழுப் பக்கத்துக்கு வந்தது. 6000 சொற்களுக்கு மேல். பங்கு என்றால் என்ன, கடன்பத்திரம் என்றால் என்ன, எப்படி வாங்குவது என்று சாதாரண ஆட்களுக்கு விளக்கிய எழுத்து அது. அதன் பிரதி கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. பணத்தைப் போடப் பயப்படுகிறவருக்கு அந்தப் பயத்தின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துக் காட்டியதால்தான் அந்த நீளம் தாங்கியது.

கேள்விகளைப் பொறுக்கியது

நீண்ட பக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலை, எழுத உட்காருவதற்கு முன்பே நடக்கிறது. அக்காவின் போனில் விசாரித்தவர்களின் வட்ஸ்அப் உரையாடல்கள் அழியாமல் இருந்தன. அவர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொன்றாகத் திறந்து, அவர்கள் கேட்டதைச் சொல் மாற்றாமல் ஓர் எக்செல் தாளில் ஏற்றினேன். பெயரும் இலக்கமும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். குரல் செய்திகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தட்டச்சு செய்யும்போது "தோள் பிரச்சினை" என்று சுருக்கிவிடுகிறவர்கள், குரலில் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்கள்.

"நான் ரெண்டு இடத்தில படிச்சிட்டன் அக்கா. தைக்கத் தெரியும். ஆனா எனக்கு நானே தைச்சாத் தோள் வழுக்குது. ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல."

"அம்மம்மாட கால் மெசின்தான் இருக்கு. அதில செய்யலாமா, இல்லாட்டி மோட்டர் மெசின் வாங்கோணுமா?"

"டீச்சர், கழுத்து மூடி, கை முழுசா வச்சுத் தைக்கிறதும் சொல்லித் தருவீங்களா?"

"நான் அட்டன்ல இருக்கேன். சிக்னல் சரியா கிடைக்காது. வீடியோவ இறக்கி வச்சிக்கிட்டுப் பாக்கலாமா?"

"காசு போட்டாப் பிறகு என்ர நம்பரை புளொக் பண்ணினா நான் என்ன செய்யிறது?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேட்டிருந்தார். பேஸ்புக்கில் காசைக் கட்டி ஏமாந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார்கள். பக்கத்தில் அதற்குப் பதில் இல்லாவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இருந்தும் பயனில்லை.

ஒரே தாளில் யாழ்ப்பாணப் பேச்சும் மலையகப் பேச்சும் முஸ்லிம் வீடுகளின் பேச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கொழும்பில் தமிழில் விற்கிறவர் இந்த மூவரையும் மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். வெள்ளவத்தைக் காலி வீதியில் நிற்பவருக்கும் கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கும் தெமட்டகொடையில் இருப்பவருக்கும் தமிழ் ஒன்றுதான், ஆனால் வாயில் வரும் தமிழ் வேறு. பக்கத்தின் நடையை எளிய பொதுத்தமிழில் வைத்து, மாணவிகள் பேசும் இடங்களில் மட்டும் அவரவர் பேச்சை அப்படியே விடுவது என்று முடிவெடுத்தேன். ஆசிரியை தன்னை "அக்கா" என்று சொல்லிக்கொள்வதையும் எடுத்துவிட்டேன். வாசிப்பவர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோலத் தாத்தா என்பாரோ, டீச்சர் என்பாரோ, அது அவர் விருப்பம். நாங்கள் அவரை "நீங்கள்" என்றால் போதும்.

தாளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மூன்று விதமான ஆட்கள் தெரிந்தார்கள். ஊசியே பிடிக்காதவர்கள் ஒரு கூட்டம். தைக்கத் தெரிந்தும் அளவு பொருந்தாமல் அல்லாடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது, வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்க நினைக்கிறவர்கள். மூவருக்கும் ஒரே பக்கத்தில் எழுதினால், ஒவ்வொருவரும் தனக்குத் தேவையில்லாத இரண்டு பங்கைத் தாண்டித்தான் தன்னுடைய பங்குக்கு வர வேண்டியிருக்கும். நடுவிலுள்ள கூட்டத்தைத் தேர்ந்தேன். அவர்களுக்கு நோவு எங்கே என்று தெரியும், காரணம் தெரியாது. மருந்து விற்க இதைவிட நல்ல இடம் இல்லை. தொடக்கக்காரர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது என்று பக்கத்திலேயே எழுதுவோம் என்றேன். அக்கா உடனே ஒத்துக்கொண்டார். நூல் கோக்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை வகுப்பில் பின்தங்கி அழுவதை அவர் பார்த்திருந்தார்.

தலைப்பு

தலைப்புக்கு நிறைய எழுதினேன். சிலவற்றை இங்கே போடுகிறேன், எதனால் கழிந்தன என்பதையும் சேர்த்து.

"சாறி பிளவுஸ் தைக்க முழுமையான இணையவழிப் பயிற்சி." உண்மைதான். ஆனால் ஊரில் இருக்கும் எந்தத் தையல் வகுப்பின் பெயர்ப்பலகையிலும் இதை எழுதலாம்.

"இனித் தையற்காரரைத் தேட வேண்டாம்." இது முதற்கூட்டத்துக்கான வரி. நாங்கள் தேர்ந்த ஆள் ஏற்கெனவே தானே தைக்கிறார்.

"உங்கள் உடல்வாகுக்குப் பிளவுஸ் பொருந்தவில்லையா?" இதில் இரண்டு சிக்கல். பொருந்தாததற்கு உடம்பைக் குற்றம் சொல்கிறது, அது நியாயமில்லை. இரண்டாவது, வாசிப்பவரின் உடம்பு இப்படி என்று நேரே சுட்டும் வரிகளைப் பேஸ்புக்கின் விளம்பர விதிகள் ஏற்காது. உடல் எடை, வயது, மதம் போன்ற தனிப்பட்ட விஷயங்களை "நீங்கள் இப்படிப்பட்டவர்" என்று எழுதும் விளம்பரம் மறுக்கப்படலாம்.

கடைசியில் நின்றது குரல் செய்தியிலிருந்து வந்த வரி. கொஞ்சம் மட்டும் தட்டிக் கொட்டினேன்: "தைக்கத் தெரியும். ஆனால் தோள் மட்டும் ஏன் வழுக்குகிறது?"

அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: "லைனிங் வைத்த சாறி பிளவுஸை உங்கள் அளவுக்கே வெட்டப் பழக்கும் வகுப்பு. ஏற்கெனவே நேர்தையல் தெரிந்தவர்களுக்கு."

இரண்டாவது வரியில் கற்பனைக்கு இடமே கொடுக்கவில்லை. தலைப்பு ஆளை நிறுத்துகிறது, துணைவரி இது உனக்குரியதா இல்லையா என்பதைச் சொல்லிவிடுகிறது. இரண்டும் ஒரே வரியில் முடிய வேண்டும் என்று பாடுபடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் அது இன்னும் கடினம். சொற்கள் நீளம், போன் திரையில் ஐந்து சொல்லே மூன்று வரி பிடிக்கும்.

முதல் திரையும் அதன் பிறகும்

முதற் பந்தி இப்படி வந்தது:

"புதுச் சாறிக்கு நீங்களே பிளவுஸ் தைத்தீர்கள். மேசையில் விரித்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதும் தோள் இறங்கியது. இடது தோளை முந்தானை மறைத்தது. வலது தோளைக் கலியாண வீடு முழுக்க இழுத்துவிட்டபடியே இருந்தீர்கள். தையல் ஒழுங்காகத்தான் இருந்தது. தைப்பதற்கு முன்பே, வெட்டும்போதே, தோள் வழுக்குவது என்று ஆகிவிட்டது."

இந்த இடத்தில் பல விற்பனைப் பக்கங்கள் "அந்த இரகசியத்தை வகுப்பில் சொல்வோம்" என்று கதவைச் சாத்திவிடும். நான் அதற்கு எதிராக வாதாடினேன். காரணத்தை இங்கேயே, இலவசமாக, முழுதாகச் சொல்ல வேண்டும். அக்கா தயங்கினார். சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு ஏன் காசு கட்டுவார்கள்? காரணம் தெரிந்த ஒருவர் தன் துணியில் அதைச் செய்ய இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த இடைவெளியை அவரே பார்ப்பார், அதற்குத்தான் வகுப்பு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து விரித்து, பென்சிலால் வரைந்து காட்டத் தொடங்கினார். அதைப் போனில் வீடியோ எடுத்தேன். பக்கத்தின் மிகப் பலமான பகுதி அந்த மேசையில்தான் உருவானது.

அவர் சொன்னதை எழுத்தில் இறக்கினேன். பின்கழுத்தை ஆழமாக வெட்டும்போது தோள் அகலத்தைக் குறைக்காமல் விட்டால், துணியைப் பிடித்து வைக்க முதுகில் ஒன்றும் மிஞ்சாது. சட்டை வெளிப்பக்கமாக வழுக்கும். கழுத்து ஆழம் கூடக் கூடத் தோளைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கக்கத்தில் மடிப்பு விழுகிறதென்றால் கைக்குழியைப் பாருங்கள்: முன்பக்கக் கைக்குழி பின்பக்கத்தைவிடக் கூடுதலாக உள்ளே வளைய வேண்டும், இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரே வெட்டில் வெட்டினால் மடிப்பு வரும். மார்பில் டார்ட் (துணி உடம்போடு பொருந்தப் பிடித்துத் தைக்கும் கூம்பு மடிப்பு) கூராகத் துருத்துகிறதென்றால், அது மார்பின் உச்சிப் புள்ளிவரை போய்விட்டது. அதற்குச் சற்று முன்பே முடிந்திருக்க வேண்டும். முதல் தோய்ப்பிலேயே பிளவுஸ் சுருங்கி இழுக்கிறதென்றால், பருத்தி லைனிங்கை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து அயன் பண்ணவில்லை.

இந்தப் பகுதியில் ஒரு புகழ்ச்சி வார்த்தையும் இல்லை. "அனுபவமிக்க ஆசிரியை" என்ற பழைய வரியைத் தூக்கிவிட்டேன். கைக்குழியைப் பற்றி இப்படிப் பேசுகிற ஒருவருக்கு அனுபவம் இருக்கிறது என்பதை வாசிப்பவரே கண்டுகொள்வார். அவராகக் கண்டுகொண்டதை அவர் நம்புவார்.

பிறகு பாடங்கள். இங்கே நான் சுருக்கமாகப் போனேன். என்னென்ன பாடம், எது எவ்வளவு நேரம், எது நேரடி, எது பதிவு. ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் அது எந்தப் பிழையைத் தீர்க்கிறது என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

கால் மெசின் கேள்விக்குத் தனிப் பந்தி கொடுத்தேன். தையல் மெசின் விற்கும் சிங்கர் நிறுவனம் 1877 இலிருந்தே இலங்கையில் இருக்கிறது. பல வீடுகளின் மூலையில் துணி போர்த்திய மெசின் ஒன்று உண்டு. வகுப்புக்கு நேர்தையல் போடும் எந்த மெசினும் போதும். அக்காவும் இரண்டு பாடங்களைக் கால் மெசினிலேயே தைத்துக் காட்டியிருக்கிறார். அந்த வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டோம். பழைய பக்கத்தில் இருந்த படம் எங்கோ வெளிநாட்டு ஸ்டூடியோவில் பளபளக்கும் மெசின். அதைப் பார்த்த ஒருவர் தன் வீட்டு மெசினை நினைத்து வெட்கப்பட்டுத் திரும்பியிருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

"சாறித் துணியில நேரே வெட்டப் பயமா இருக்கு" என்று தாளில் ஒரு வரி இருந்தது. வகுப்பில் முதல் வெட்டு காகிதத்தில், இரண்டாவது மலிவான பருத்தித் துணியில், மூன்றாவதுதான் சாறித் துணியில். இதை அக்கா எப்போதும் செய்துவந்தார். எந்த விளம்பரத்திலும் சொன்னதில்லை. அவருக்கு அது சாதாரணம். வாங்குகிறவருக்கு அதுதான் மூச்சு விடுகிற இடம். விற்கிறவர் சாதாரணம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுவதைக் கண்டுபிடிப்பது எழுதுகிறவரின் முக்கிய வேலை என்பது என் எண்ணம்.

வாக்குறுதிகளும் விலையும்

"மாதம் இலட்சம் வரை உழைக்கலாம்" என்ற வரியை எடுக்கச் சொன்னபோது அக்கா மறுக்கவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தார். அவருடைய மாணவிகள் சிலர் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். சிலர் தங்களுக்கும் தங்கைக்கும் மட்டும் தைக்கிறார்கள். இந்த வகுப்பு யாருக்கும் வருமானத்தை உறுதி செய்யாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. 31 ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. இணையத்தில் விற்றாலும் விற்பனை விற்பனைதான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அந்த வரியை வைத்திருக்கமாட்டேன். அதை நம்பிச் சங்கிலியை அடகு வைத்துக் காசு கட்டுகிற ஒருவரை நினைத்தால் போதும்.

கடிகாரம் ஓடுகிற "இன்றிரவு 12 மணியுடன் சலுகை முடிகிறது" பெட்டியையும் அதே காரணத்துக்காகக் கழற்றினோம். அது தினமும் நள்ளிரவில் மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவசரம் ஒன்று உண்மையாகவே இருந்தது: சனிக்கிழமை சூம் வகுப்பில் அக்காவால் ஒவ்வொருவரின் வெட்டையும் பார்க்க வேண்டுமென்றால் 20 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதை எழுதினோம், காரணத்தோடு. இடம் நிறைந்ததும் பக்கத்தில் "நிறைந்துவிட்டது, அடுத்த தொகுதி இந்தத் திகதி" என்று மாற்றுவது அக்காவின் பொறுப்பு.

விலையை வெளிப்படையாகப் போடுவதில்தான் அதிக நேரம் பேசினோம். "எல்லாரும் இன்பொக்ஸ்தானே தம்பி போடீனம்?" என்றார். உண்மைதான், இங்கே அது வழக்கமாகிவிட்டது. விலையை மறைத்தால் ஆள் கேட்பார், கேட்டால் பேச்சுக் கொடுக்கலாம் என்ற கணக்கு. ஆனால் தாளைப் பாருங்கள், விலை கேட்டவர்கள் அதோடு போய்விட்டார்கள். மற்றக் கேள்விகளை அவர்கள் கேட்கவேயில்லை. விலையை மறைத்த பக்கம் மற்றச் சந்தேகங்களையும் சேர்த்து மறைத்துவிட்டது.

16,000 ரூபா. அதை எழுதிய கையோடு, ஒருமுறை கட்டினாலும் இரண்டு தவணை 8,000 ஆகக் கட்டினாலும் தொகை ஒன்றுதான் என்று எழுதினேன். ஒப்பீட்டுக்கு மற்ற வகுப்புகளின் விலையை இழுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி: சென்ற வருடம் பிளவுஸ் தையலுக்குக் கொடுத்த கூலியையும், பொருந்தாமல் பெட்டிக்குள் கிடக்கும் பிளவுஸ்களின் துணி விலையையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு அவருடையது, தொகையும் அவருக்கே தெரியும். கூட்டிப் பார்த்து 16,000 வராவிட்டால் அவர் சேராமல் விடுவது சரிதான்.

பணம் திருப்பிக் கொடுப்பது பற்றி நான் எழுதுவதற்கு முன் அக்கா முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதல் இரண்டு பாடங்கள் முடிவதற்குள் சரிவராது என்று பட்டால் முழுக் காசும் திரும்பும், காரணம் கேட்கப்படாது. எத்தனை நாளுக்குள், எந்த வழியில் என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஏழு வேலை நாட்கள், காசு வந்த வழியிலேயே. வங்கிக்குப் போட்டவருக்கு வங்கிக்கு, பேஹியர் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகக் கார்டில் கட்டியவருக்குக் கார்டுக்கு. "நம்பரை புளொக் பண்ணினா?" என்று கேட்டவருக்கான பதில் இதற்கு அடுத்த பந்தியில்: வகுப்பு நடக்கும் வீதியின் பெயர், நேரில் வந்து பார்க்கக்கூடிய நேரம், வியாபாரப் பதிவு, காசு கட்டியதும் பற்றுச்சீட்டு வரும் விதம். கொழும்பில் இருப்பவர் ஒருநாள் பஸ் ஏறி வந்து கதவைத் தட்டலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும், வராவிட்டாலும்.

மாணவிகளின் கருத்துகளுக்கு அக்கா ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் கேட்டார். மறுத்தவர்களுடையதை விட்டுவிட்டோம். சம்மதித்தவர்களின் பேச்சைத் திருத்தவில்லை. "கை தூக்கினா இப்ப சட்டை மேல வரேல்ல" என்ற ஒரு வரி, "மிகச் சிறந்த வகுப்பு" என்ற பத்து வரியை வெல்லும். ஒருவர் வீடியோவில் சத்தம் குறைவு என்று குறை சொல்லியிருந்தார். அதையும் போட்டோம். அதன்கீழே, சத்தத்தைத் திருத்தி மறுபடி பதிவேற்றியதையும் எழுதினோம்.

போன் திரையில் தமிழ்

எழுத்து முடிந்ததும் தமிழுக்கே உரிய வேலைகள் சில இருந்தன. அக்காவின் பழைய பாடக்குறிப்புகள் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்தன. அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யுனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பிறகு வரிக்கு வரி வாசித்துத் திருத்த வேண்டும். மாற்றுகிற கருவியை நம்பி விட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். தமிழில் மேலும் கீழும் குறிகள் நீள்வதால் வரி இடைவெளியை எழுத்தளவின் 1.7 மடங்காக வைத்தேன். இரண்டு ஓரங்களையும் நேராக்கும் அமைப்பை அணைத்தேன். நீண்ட சொற்களால் நடுவில் பெரிய வெளிகள் விழுகின்றன. பந்திகள் போன் திரையில் ஆறேழு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

2006 இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கண்ணசைவு ஆய்வு, ஆட்கள் திரையில் மேல்வரிகளை முழுதாகவும் பிறகு இடது ஓரத்தை மட்டும் கீழ்நோக்கியும் பார்ப்பதைக் காட்டியது. அதனால் உபதலைப்புகளை மட்டும் வாசித்தாலே கதை புரியும்படி எழுதினேன்: "தோள் வழுக்குவது வெட்டில்", "பழைய மெசின் போதும்", "முதல் வெட்டு காகிதத்தில்", "16,000 ரூபா, சரிவராவிட்டால் திரும்பும்". ஓடுகிற பார்வையில் இந்த நான்கும் பட்டால், ஆள் எங்காவது நின்று வாசிப்பார்.

விளம்பரத்திலும் குறுஞ்செய்தியிலும் இட நெருக்கடி வேறு மாதிரி. பேஸ்புக் விளம்பரத்தின் மேலெழுத்து ஏறத்தாழ 125 குறிகளுக்குப் பிறகு மடிந்துவிடும். "கொழும்பு" என்பது நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறி கிடைக்கும், தமிழுக்கு 70 தான். அதற்கு மேல் போனால் இரண்டு செய்தியாக உடைந்து இரட்டைக் காசு. ஆகவே வகுப்பு நினைவூட்டலை "நாளை 4 மணி தையல் வகுப்பு. காகிதம், பென்சில் வையுங்கள்" என்ற அளவில் நிறுத்தினோம். வட்ஸ்அப் பொத்தானில் முதற் செய்தியை முன்கூட்டியே எழுதிவைக்கலாம், இணைப்புக்குள் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது குறிகளாக நீள்வதால் அதையும் சிறிதாக வைத்தேன்: "தோள் வழுக்குகிறது. வகுப்பு பற்றிச் சொல்லுங்கள்."

வீடியோக்களைப் பக்கத்தில் தானாக ஓட விடவில்லை. டேட்டா போடக் கணக்குப் பார்க்கிறவர்கள் வாசிக்கிற பக்கம் இது. படத்தைத் தொட்டால்தான் ஓடும், பக்கத்தில் அதன் அளவு எம்பியில் எழுதியிருக்கும். இறக்கிவைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது என்று அட்டன்காரருக்காக ஒரு வரி.

சத்தமாக வாசித்தது

முழுப் பக்கத்தையும் அக்காவை அவருடைய போனிலேயே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். நான் எழுதித் தந்த இடங்களில் அவர் நாக்குத் தட்டுப்பட்டால் அந்த வரி பொய் வரி. இரண்டு மூன்று இடத்தில் நின்றார். "உங்கள் கைவண்ணம் மிளிரும்" என்ற வரியில் நின்று, "நான் உப்பிடிக் கதைக்கமாட்டன் தம்பி" என்றார். அழித்தேன். வேறோர் இடத்தில் தானே மாற்றிச் சொன்னார்: நான் "துல்லியமான அளவெடுப்பு" என்று எழுதியிருந்ததை, "மூச்சை வெளிய விட்டிட்டு அளவெடுங்கோ, உள்ள இழுத்து வச்சுக்கொண்டு எடுத்தாப் பிறகு இறுகும்" என்று வாசித்தார். அந்த வரி அப்படியே அளவுப் பாடத்தின் விளக்கத்துக்குள் போனது.

பக்கத்துவீட்டுப் பெண் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். விலை வந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். விலைக்கு முன் வந்த காகித வெட்டுப் பந்தியில்தான் அவர் முன்னுக்குச் சாய்ந்தார். அந்தப் பந்தியை இன்னும் மேலே தூக்கிவைத்தேன்.

பக்கம் வெளியான பிறகு அக்காவின் இன்பொக்ஸில் வருகிற கேள்விகள் வேறாகிவிட்டன. "விலை?" குறைந்தது. "எனக்குக் கழுத்து மூடி வேணும், டார்ட் எங்க வரும்?" "தவணையில முதல் காசு எப்ப கட்டோணும்?" "இந்த மாசம் இடம் இருக்கா?" என்று வருகிறது. சேராமல் போகிறவர்களும் காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிலர் தாங்கள் தொடக்கக்காரர்கள் என்று பக்கத்தை வாசித்தே அறிந்துகொண்டு, தொடக்க வகுப்பு எப்போது என்று கேட்கிறார்கள். முதல் தொகுதி நிறைந்தது. திருப்பிக் கேட்டவர் ஒருவருக்கு அக்கா அன்றே காசைத் திருப்பினார். அவர் தன் மச்சாளை அடுத்த தொகுதிக்கு அனுப்பியிருக்கிறார்.

எக்செல் தாளை இப்போது அக்காவே நிரப்புகிறார். அண்மையில் அடிக்கடி வருவது, பின்பக்கம் ஊக்கு வைக்கிற பிரின்சஸ் கட் பிளவுஸ் படிப்பிப்பீர்களா என்ற கேள்வி. அதற்கு இன்னும் பாடம் இல்லை. "இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறோம். புறக்கோட்டையில் அதற்கான துணி வாங்கி வைத்திருக்கிறார். பாடம் பதிவாகி, இரண்டு மாணவிகள் அதைப் பார்த்துத் தைத்து முடித்த பிறகு அந்த வரியை மாற்றுவேன்.